ஐரோப்பாவின் பாதுகாவலியான யூத மகள்

1999-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மூன்று பெண் புனிதர்களை ஐரோப்பாவின் இணைப் பாதுகாவலர்களாக அறிவித்தார். சுவீடன் நாட்டு பிரிஜித்தும் சியன்னா நகர் கத்தரீனும் நாம் எதிர்பார்க்கக் கூடியவர்களே. மூன்றாமவரோ, தன்னைச் சேர்ந்தவர் அல்லர் என்று ஐரோப்பிய மண்ணே ஒதுக்கிக் கொன்ற எடித் ஸ்டெயின்.

1891 அக்டோபர் 12, யூதர்களின் பாவக்கழுவாய் நாளன்று, அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் பதினோரு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை இறந்தார். மரவியாபாரத்தைத் தாமே நடத்திப் பிள்ளைகளை வளர்த்த தாய், ஆழ்ந்த பக்தியுள்ளவர். எடித்தோ பதின்ம வயதிலேயே செபத்தை விட்டுவிட்டார். மெய்யியல் அறிஞர் ஹுஸ்ஸர்லிடம் பயின்று 1916-இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண் என்பதால் பேராசிரியராகும் வழி அடைபட்டது.

1921-இல் அவிலா தெரேசாவின் தன்வரலாற்றை வாசித்தார். 1922 ஜனவரி முதல் நாள் திருமுழுக்குப் பெற்றார். அதன் பிறகும் ஊருக்கு வரும்போதெல்லாம் தாயோடு யூதத் தொழுகைக்கூடம் சென்றார். நம்மில் சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். தாம் பிறந்த மக்களைத் துறக்க வேண்டும் என்று அவர் எண்ணவே இல்லை.

1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் ம்யூன்ஸ்டரில் ஆசிரியர் பணியை இழந்தார். திருமுழுக்குப் பெற்றவரா என்பதல்ல, எந்த இரத்தம் என்பதே அன்று கேள்வி. தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்வோரே யூதர்களை வதைக்கிறார்கள், திருச்சபை வாய்திறக்க வேண்டும் என்று அவ்வாண்டே திருத்தந்தை பதினோராம் பத்திநாதருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் 2003-இல்தான் உலகின் பார்வைக்கு வந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் கொலோன் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1938-இன் கடைசி நாளில், பாதுகாப்புக்காக ஹாலந்தின் எக்ட் மடத்துக்கு மாற்றப்பட்டார்.

1942 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. யூதர்கள் நாடுகடத்தப்படுவதைக் கண்டிக்கும் ஆயர்களின் சுற்றுமடல் ஹாலந்தின் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. பழிவாங்கும் விதமாக, ஆகஸ்ட் 2 அன்று கத்தோலிக்கரான யூதர்களை நாசிகள் கைது செய்தனர். எடித்தும், அவரைப் போலவே கத்தோலிக்கரான அக்காள் ரோசாவும் மடத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, ஆகஸ்ட் 9 அன்று ஆஷ்விட்சில் கொல்லப்பட்டனர்.

1998-இல் எடித் புனிதராக உயர்த்தப்பட்டார். யூதர்களாகவே வாழ்ந்த அண்ணன் பவுலும் அக்காள் ஃபிரீடாவும் தெரேசியன்ஸ்டாட் முகாமில் மாண்டனர். ஆகஸ்ட் 9 திருப்பலியில் அவர்களையும் நினைத்துக்கொள்ளலாம்.