பிரெடி மெர்க்குரி

பிரெடி மெர்க்குரி (செப்டம்பர் 5, 1946 - நவம்பர் 24, 1991) பார்சி இனத்தைச் சேர்ந்த பிரித்தானியப் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். இவரது இயற்பெயர் பரோக் புல்சாரா. இவர் குயீன் என்னும் ராக் இசைக்குழுவின் முதன்மைப் பாடகராக விளங்கினார். இக்குழுவின் தெரிவுப் பாடல்களைக் கொண்டு 1981 இல் வெளியான கிரேட்டஸ்ட் ஹிட்ஸ், ஐக்கிய இராச்சியத்தில் மிக அதிகமாக விற்பனையான இசைத்தொகுப்பு ஆகும். இவரது இசைப் பயிற்சி இந்தியப் பள்ளியொன்றில் வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பிறப்பும் கல்வியும்

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சான்சிபார் தீவில் போமி புல்சாரா, ஜெர் இணையருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் குசராத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். புல்சாரா என்னும் குடும்பப் பெயர், இன்று வல்சாடு எனப்படும் புல்சார் ஊரைக் குறிப்பது. தந்தை பிரித்தானிய அரசு அலுவலகத்தில் காசாளராகப் பணியாற்றினார்.

எட்டு வயதளவில் மகாராட்டிரத்தின் மலையூரான பஞ்சகனியில் உள்ள புனித பீட்டர் உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கு பியானோ பயின்றார். பிரெடி என்ற பெயரும் அங்கேயே வழங்கலாயிற்று. 1958 இல் பள்ளித் தோழர்களுடன் த ஹெக்டிக்ஸ் என்னும் குழுவை அமைத்து அதில் பியானோ வாசித்தார். 1963 இல் சான்சிபார் திரும்பினார். 1964 சனவரியில் அங்கு நடந்த புரட்சியின்போது அரேபியரும் இந்தியரும் பலர் கொல்லப்பட்டனர். குடும்பத்தினர் தப்பி இங்கிலாந்தின் பெல்தம் நகரில் குடியேறினர். ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை பயின்று 1969 இல் பட்டயம் பெற்றார்.

குயீன் இசைக்குழு

1970 இல் கித்தார் கலைஞர் பிரையன் மே, முரசுக் கலைஞர் ராஜர் டெய்லர் ஆகியோருடன் இணைந்து குயீன் குழுவை உருவாக்கினார். குழுவின் பெயரைத் தெரிவு செய்தவரும் அதன் சின்னத்தை வரைந்தவரும் இவரே. மெர்க்குரி என்னும் பெயரையும் இக்காலத்திலேயே சூட்டிக்கொண்டார். 1971 இல் ஜான் டீக்கன் குழுவில் இணைந்தார்.

1975 இல் வெளியான பொஹீமியன் ராப்சடி இவரது புகழ்பெற்ற பாடலாகும். ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் நீளும் இப்பாடலில் பல்லவி இல்லை. மென்பாடல், ஓப்பரா, ராக் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. வானொலிக்கு இது மிக நீளமானது என்ற ஐயம் இருந்தும் பிரித்தானியப் பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடம் பெற்றது. 1985 சூலை 13 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் லைவ் எய்ட் நிகழ்வில் குயீன் நிகழ்த்திய சுமார் இருபது நிமிடக் கச்சேரி பெரிதும் பாராட்டப்பட்டது.

தெரிவுப் பாடல் தொகுப்பு

கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1981 அக்டோபர் 26 அன்று வெளியானது. அந்தந்த நாட்டில் புகழ்பெற்ற பாடல்களுக்கு ஏற்பப் பாடல் வரிசை நாட்டுக்கு நாடு மாறுபட்டது. பிரித்தானியப் பதிப்பின் 17 பாடல்களில் 10 மெர்க்குரியும், 5 பிரையன் மேயும், 2 ஜான் டீக்கனும் இயற்றியவை. பொஹீமியன் ராப்சடியில் தொடங்கி வீ ஆர் த சாம்பியன்சில் முடியும் இத்தொகுப்பின் முதற்பாடலும் இறுதிப் பாடலும் இவருடையவை. 2022 இல் இது ஐக்கிய இராச்சியத்தில் 70 இலட்சம் விற்பனையை எட்டிய முதல் இசைத்தொகுப்பானது.

நோயும் மறைவும்

எய்ட்சு நோயாளிகள் கடும் இழிவுக்கு உள்ளான காலத்தில் இவர் அந்நோய்க்கு ஆளானார். இதழ்கள் பலவாறு எழுதியபோதும் நோயை வெளியிடாமல் தொடர்ந்து பாடல்களைப் பதிவு செய்து வந்தார். 1991 அக்டோபர் 28 அன்று இரண்டாம் தெரிவுத் தொகுப்பு வெளியானது. நவம்பர் 23 அன்று தமது நோயை அறிக்கை வாயிலாக அறிவித்தார். மறுநாள் இலண்டன் கென்சிங்டனில் உள்ள தமது இல்லத்தில் 45 ஆவது வயதில் காலமானார். தமது பார்சிப் பின்னணியைப் பற்றிப் பொதுவில் அரிதாகவே பேசிய இவரது இறுதிச் சடங்கைச் சரத்துச குருமார் நடத்தினர்.

நினைவு

பொஹீமியன் ராப்சடி மீண்டும் வெளியிடப்பட்டு மறுமுறையும் முதலிடம் பெற்றது. 1992 ஏப்ரல் 20 அன்று வெம்பிளி அரங்கில் நினைவுக் கச்சேரி நடைபெற்றது. இதனைத் தொடர்ந்து எய்ட்சு ஒழிப்புப் பணிக்கென மெர்க்குரி பீனிக்ஸ் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 2018 இல் இவரது வாழ்க்கை பொஹீமியன் ராப்சடி என்ற பெயரிலேயே திரைப்படமானது. பெல்தம் இல்லத்தில் 2016 இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.