உறுப்பினரே சபையின் உயிர்

கோழியாளத்தில் பிறந்த பெருந்தகை இரட்டைமலை சீனிவாசனார் 1891-இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். சபை கண்டதோடு அவர் அமைந்துவிடவில்லை. 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிச் சபையின் குரலை மக்களிடம் கொண்டு சென்றார். குடிமைப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் உயர்சாதியினரே ஆட்சியதிகாரம் பெறுவர் எனக் கருதிச் சபை பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தபோது, 3,400-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். தலைவர் ஒருவர், ஆயினும் அவ்விண்ணப்பத்துக்கு வலிமை தந்தவர்கள் பெயர் அறியப்படாத அம்மக்களே.

1930-இல் அண்ணல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த சீனிவாசனார் 1945-இல் மறைந்தார்.

அவர் வழிவந்த நாம், பதிவேட்டில் பெயரெழுதிச் சந்தா செலுத்துவதோடு நின்றுவிடலாமா? கூட்டந்தோறும் வருவோம், கருத்துரைப்போம், ஆளுக்கொரு பணியை ஏற்போம். இளைஞர்களே, வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் உங்கள் கரங்களையே எதிர்நோக்கி நிற்கிறது.