கேம்பிறிட்ஜ் மாணவர் அருணாசலமும் ஹந்தானை அடிவாரப் பல்கலைக்கழகமும்

ஹந்தானை மலையின் அடிவாரத்தில் மகாவலியை ஒட்டிப் பரந்து கிடக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், அருணாசலம் விடுதி என்று ஒன்று உண்டு. பேராதனையில் படித்த எங்களில் பலருக்கு அது வெறும் விடுதிப் பெயர். அந்தப் பெயருக்குரியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அரசியல் படித்தவர்கள் அவரை இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக அறிவார்கள். நாங்கள் இங்கே நினைத்துப் பார்க்க விரும்புவது வேறோர் அருணாசலத்தை. பதினேழு வயதில் கடல் கடந்து, ஐந்து வருடங்கள் அந்நிய நாட்டில் மாணவராக இருந்து, அங்கே கண்டதை மறவாமல் திரும்பி வந்தவரை. ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவிகள் சங்க மலரில் அவருக்கு என்ன இடம் என்று கேட்பவர்களுக்கு, இக்கட்டுரையின் முடிவில் விடை கிடைக்கும்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை பொன்னம்பலம் முதலியார். தாய்மாமனார் முத்துக்குமாரசுவாமி, ஆங்கிலேயச் சட்ட உலகில் அதற்கு முன்பே தடம் பதித்தவர். தமையனார் இராமநாதன், பின்னாளில் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கென ஒரு கல்லூரியையே நிறுவியவர். இன்று றோயல் கல்லூரி என நாம் அறியும் கொழும்பு அக்கடமியில் அருணாசலம் படித்தார். 1870ஆம் ஆண்டு, ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கான அரசாங்கப் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. இலங்கையில் அப்போது பல்கலைக்கழகமே இல்லை. பட்டம் வேண்டுமென்றால் கப்பலேற வேண்டும். அல்லது இந்தியாவுக்குப் போக வேண்டும். கப்பலேறக் காசோ, புலமைப்பரிசிலோ இல்லாத பிள்ளைக்குப் படிப்பு அத்துடன் சரி.

அக்காலத்தில் ஐரோப்பாவுக்குப் போகும் தபால் கப்பல்கள் காலித் துறைமுகத்தில்தான் தரித்துச் சென்றன. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதற்குப் பிறகே கட்டப்பட்டது. சுயஸ் கால்வாய் 1869ஆம் ஆண்டு நவம்பரில்தான் திறக்கப்பட்டிருந்தது. அதனால் பயணம் முன்னரிலும் குறுகியதுதான், ஆனாலும் வாரக்கணக்கில் நீண்டது. வீட்டுக்குக் கடிதம் எழுதினால் பதில் வரவும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் மகளின் முகம் பார்த்துப் பேசும் இன்றைய தாய்மாருக்கு அந்தக் காத்திருப்பை விளங்கப்படுத்துவது கடினம்.

அவர் சேர்ந்தது கேம்பிறிட்ஜின் கிறைஸ்ற்ஸ் கல்லூரி. கவிஞர் மில்ற்றனும் விஞ்ஞானி டார்வினும் படித்த கல்லூரி அது. டார்வின் அப்போது உயிரோடிருந்தார். மனிதனின் தோற்றம் பற்றிய அவரது நூல் 1871இல் வெளிவந்து பெரும் வாதங்களைக் கிளப்பியது. அதே ஆண்டில்தான் பிரித்தானியப் பாராளுமன்றம், ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ், டேர்ஹம் பல்கலைக்கழகங்களில் பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் இருந்த மதக் கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் நீக்கியது. சைவப் பிள்ளை ஒருவர் அங்கே தலைநிமிர்ந்து படிக்கக்கூடிய காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

கேம்பிறிட்ஜ் மாணவனின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது? படிக்கட்டு ஒன்றைச் சுற்றி அறைகள் அமைந்திருக்கும். காலையில் வேலைக்காரப் பெண் வந்து கணப்பில் நிலக்கரி மூட்டுவாள். காலையுணவு அவரவர் அறையிலேயே. பிறகு விரிவுரைகள். சிறப்புப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் அதற்கு மேலாகத் தனி ஆசிரியர்களிடம் காசு கொடுத்துப் படிப்பார்கள். அந்தக் காலத்து ரியூஷன் என்று வைத்துக்கொள்ளலாம்! பிற்பகலில் கேம் ஆற்றில் படகு வலிப்பு, அல்லது நீண்ட நடை. கண்டியில் வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஊர் விசித்திரமாகத் தோன்றும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலை கிடையாது. சதுப்பு நிலத்தை அடுத்த சமதரை; அதன் மேல் ஈரக்காற்று. மார்கழியில் பின்னேரம் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

இரவுணவு மட்டும் எல்லோரும் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில். கறுப்பு அங்கி அணிந்தே அங்கு அமர வேண்டும். இறைச்சியும் உருளைக்கிழங்கும் பாணுமே பிரதான உணவு. இருட்டிய பின் தெருவில் போகும் மாணவனும் அங்கியும் தொப்பியும் அணிந்திருக்க வேண்டும். ஒழுங்கு பார்க்கும் அதிகாரி இரண்டு காவலாட்களுடன் தெருத்தெருவாக வலம் வருவார். அங்கியில்லாமல் அகப்பட்டால் தண்டம் ஆறு சிலிங் எட்டுப் பென்ஸ். இரவு பத்து மணிக்குக் கல்லூரி வாசல் மூடப்படும். எங்கள் விடுதிக் கட்டுப்பாடுகளைப் பற்றி முறுமுறுத்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கக்கூடும்.

ஆண்டுக்கு மூன்று தவணைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டு வாரங்கள். இப்படி ஒன்பது தவணைகள் அங்கே வசித்தால்தான் பட்டம். பரீட்சையில் சித்தியடைவது மட்டும் போதாது. அங்கே வாழ்ந்திருக்கவும் வேண்டும். சட்டப் படிப்பிலும் இதே கதைதான். அருணாசலம் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராவதற்கும் பதிந்திருந்தார். அங்கே தவணைதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையான இராப்போசனங்களில் கலந்துகொண்டால்தான் அந்தத் தவணை கணக்கில் சேரும். கேம்பிறிட்ஜ் மாணவர்களும் இதற்காக ஐம்பது மைலுக்கு மேல் ரயிலேறி லண்டனுக்குப் போய், மண்டபத்தில் அமர்ந்து உண்டு வருவார்கள். ஒன்றாக உண்டு, ஒன்றாக உரையாடி, மூத்தவர்களின் பேச்சைக் கேட்டு வளர்வதும் கல்வியே என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உட்பொருள். அருணாசலம் கணிதத்திலும் தொன்மொழிகளிலும் சிறந்து விளங்கிக் கல்லூரியின் புலமைப்பரிசிலையும் பெற்றார்.

கேம்பிறிட்ஜில் அவருக்குக் கிடைத்த நட்புகளில் ஒன்று வாழ்நாள் முழுவதும் நீடித்தது. எட்வேர்ட் கார்ப்பென்ரர் அங்கே மற்றொரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1874இல் அந்தச் சுகமான பதவியைத் துறந்து, வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் சாதாரண மக்களுக்கு வகுப்பு நடத்தப் புறப்பட்டார். கேம்பிறிட்ஜ் அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய வெளிவாரி விரிவுரைத் திட்டம் அது. அந்தத் திட்டம் எப்படிப் பிறந்தது தெரியுமா? தங்களுக்கும் கல்வி வேண்டும் என்று வட இங்கிலாந்துப் பெண்கள் சங்கங்கள் கேட்டதும், 1867இல் அவர்களுக்கு நடத்தப்பட்ட விரிவுரைகளும்தான் அதற்கு வித்து. பல்கலைக்கழகத்துக்கு வர முடியாதவர்களிடம் பல்கலைக்கழகமே போக வேண்டும் என்ற எண்ணம், அருணாசலத்தின் மாணவப் பருவத்தில், அவர் கண்ணெதிரே உருவான ஒன்று.

இன்னொன்றும் அதே ஆண்டுகளில் நடந்தது. 1869இல் ஹிற்சின் என்ற ஊரில் ஐந்து மாணவிகளுடன் தொடங்கிய பெண்கள் கல்லூரி, 1873இல் கேம்பிறிட்ஜை அடுத்த கேர்ற்றன் கிராமத்துக்கு வந்தது. 1871இல் நியூனம் கல்லூரிக்கான தொடக்கமும் ஐந்து மாணவிகளோடுதான். அந்தப் பெண்கள் விரிவுரை கேட்பதும், பரீட்சை எழுதுவதும் பரீட்சகர்களின் தயவில். எவ்வளவு திறமாக எழுதினாலும் பட்டம் கிடையாது. ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்குப் பட்டம் வழங்கக் கேம்பிறிட்ஜ் 1948ஆம் ஆண்டு வரை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

1875இல் அருணாசலம் இலங்கைச் சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சையில் சித்தியெய்தினார். அவ்வழியில் அச்சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் அவரே. நீதவானாகப் பல ஊர்களில் கடமையாற்றினார். பின்பு பதிவாளர் நாயகமாகி, குழம்பிக் கிடந்த அந்தத் திணைக்களத்தைச் சீர்செய்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. தீவின் மக்கள்தொகை முப்பத்தைந்து லட்சத்தைத் தாண்டியிருந்ததை அது காட்டியது. வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பகுதி தனியாக மனத்தில் படுகிறது. எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை தாய்மார் எதனால் இறந்தார்கள் என்ற கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் ஒரு நாடு தன் நோயைக் கண்டறிய முடியும். ஒவ்வொரு மரணச் சான்றிதழிலும் காரணத்தைக் கவனமாக எழுதும்போது, அத்தகையோர் போட்ட பாதையில்தான் நாங்கள் நடக்கிறோம்.

கேம்பிறிட்ஜ் நட்பு அறுந்து போகவில்லை. 1890இல் கார்ப்பென்ரர் இலங்கைக்கு வந்தார். குருநாகலில் அருணாசலத்தோடு தங்கினார். சைவ ஞானத்தில் தோய்ந்த தமிழ்ப் பெரியார் ஒருவரிடம் நண்பரின் உதவியுடன் பாடம் கேட்டார். அருணாசலம் மறைந்த பின், அவர் தமக்கு எழுதிய கடிதங்களை 1927இல் கார்ப்பென்ரர் நூலாக்கினார். மாணவராகச் சென்றவர் ஆசிரியரின் நாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது மட்டுமல்ல, கொடுத்ததும் உண்டு.

1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணியில் நின்றவர் அருணாசலம். சொந்த நாட்டிலேயே பல்கலைக்கழகம் வேண்டும், அதில் சிங்களமும் தமிழும் இந்நாட்டின் வரலாறும் உரிய இடம் பெற வேண்டும் என்று அவர் வாதாடினார். தாய்மொழி தெரியாத படித்தவர்களை உண்டாக்கும் கல்வி அவருக்கு உவப்பாயில்லை. வெளிநாட்டில் படித்துப் பெருமை பெற்றவர்களுக்கு இயல்பாக வரும் ஆசை, தம் பிள்ளைகளையும் அங்கே அனுப்புவது. எல்லோருடைய பிள்ளைகளுக்கும் அது இங்கேயே கிடைக்க வேண்டும் என்று உழைப்பது எல்லோருக்கும் வருவதில்லை.

1913இல் ஓய்வுபெற்ற பின்பும் அவர் ஓயவில்லை. 1915இல் சமூக சேவைச் சங்கம். 1919இல் தேசிய காங்கிரஸ். அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கான நலவுரிமைச் சங்கம். தொழிலாளர் சங்கத்தில் அவரோடு தோள்கொடுத்தவர் பெரி சுந்தரம். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிறிட்ஜுக்கும் சென்று மீண்ட மலையகத் தமிழர் அவர். ஹந்தானைச் சரிவுகளில் கோப்பியும் பின் தேயிலையும் வளர்த்த கைகள் அந்நாளில் துண்டு முறையில் கட்டுண்டு கிடந்தன. தொழிலாளியின் கடனை எழுதிய துண்டு ஒன்றைத் துரை கொடுத்தால்தான், அந்தக் கடனைப் பொறுப்பேற்கும் வேறொரு தோட்டத்துக்குப் போகலாம். கடன் தலையோடு தலையாகப் போகும். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. அதே ஆண்டில் அருணாசலம் பிரதிநிதித்துவத் தகராற்றால் மனமுடைந்து காங்கிரஸிலிருந்து விலகினார். அவர் முன்நின்று உருவாக்கிய கூட்டு நிலைக்கவில்லை என்பதும் அவர் வாழ்க்கையின் ஒரு பகுதியே.

1921 ஜனவரியில் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. ஆனால் அது லண்டன் பட்டங்களுக்கு ஆயத்தப்படுத்திய கல்லூரியே. முழுமையான பல்கலைக்கழகத்தை அவர் காணவில்லை. தல யாத்திரை சென்றிருந்தபோது, 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி மதுரையில் காலமானார். பல்கலைக்கழகம் கொழும்பிலா கண்டியிலா என்ற வாதம் பல வருடங்கள் நீடித்து, கடைசியில் பேராதனை தெரிவானது. 1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1952இல் பெரும்பகுதி ஹந்தானை அடிவாரத்துக்கு வந்தது. ஒன்றாக வசித்து, ஒன்றாக உண்டு, ஒன்றாகக் கற்கும் கேம்பிறிட்ஜ் முறையிலேயே விடுதிகள் அமைந்தன.

இனி அந்த 1948ஐ நினைவுகூருங்கள். கேம்பிறிட்ஜ் தன் மாணவிகளுக்குச் சமமான பட்டம் கொடுத்தது அந்த ஆண்டில். இலங்கைப் பல்கலைக்கழகமோ 1942இல் பிறந்த நாளிலிருந்தே பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே பட்டத்தைக் கொடுத்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1962இல் பேராதனையில் மருத்துவ பீடம் வந்தது. எங்களைப் போன்ற சாதாரண வீட்டுப் பிள்ளைகள் கப்பலேறாமல், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வைத்தியர்களானது இவ்வாறுதான். கடல் கடந்து படிக்கக் கிடைத்த ஒருவர், கடல் கடக்க முடியாதவர்களை மறக்காததும் இதற்கு ஒரு காரணம். அதனால்தான் அவருக்கு இந்த மலரில் இடம்.

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலர் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கேம்பிறிட்ஜ் எட்டாத ஊரல்ல. 2022இன் நெருக்கடிக்குப் பின் வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டைவிட்டுப் போனார்கள். போனவர்களை இருப்பவர்கள் குறைகூறுவதும், இருப்பவர்களைப் போனவர்கள் பரிதாபத்தோடு பார்ப்பதும் எங்களுக்குள் நடக்கிறது. அருணாசலத்தின் வாழ்க்கை இரண்டுக்கும் இடமளிக்கவில்லை. அவர் போனார், நன்றாகப் படித்தார், நட்புக் கொண்டார். அங்கே தமக்குத் திறந்த கதவு ஊரில் எத்தனை பேருக்கு மூடியிருக்கிறது என்பதையும் கணக்கிட்டார்.

ஹந்தானைக்கு அப்பாலுள்ள தோட்டங்களிலிருந்து இன்றும் மாணவிகள் எங்கள் வகுப்பறைகளுக்கு வருகிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பியும், வகுப்புக் காசுக்கும் பஸ் காசுக்கும் வழியில்லாமல் நின்றுவிடுபவர்கள் அவர்களில் உண்டு. எங்கள் சங்கம் தன் இரண்டாவது நூற்றாண்டைத் தொடங்குகிறது. எந்த நாட்டில் இருந்தாலும், ஒவ்வொருவரும் அப்படி ஒரு மாணவியின் இரண்டு வருடப் படிப்பைப் பொறுப்பேற்றால் போதும்.