போரைத் தள்ளிவைத்த பள்ளி ஆசிரியர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

அணுவைப் பிளந்தவர்களின் பெயர்களை அறிவியல் மாணவர்களாகிய நாம் அறிவோம். அந்த ஆற்றல் உலகின் தலையில் விழாமல் தடுக்கப் பாடுபட்டவர்களின் பெயர்கள் நம் பாடநூல்களில் இல்லை. அவர்களுள் ஒருவர் ஊ தாண்ட். ஐக்கிய நாடுகள் அவையின் மூன்றாவது பொதுச் செயலாளர். ஆசியாவிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல் மனிதர். 'ஊ' என்பது பர்மிய மொழியில் நம் 'திரு' போன்ற மரியாதைச் சொல். தாண்ட் என்பதே பெயர்.

இளமையும் வறுமையும்

பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்திலுள்ள பாண்டனோ என்னும் ஊரில் 1909 ஜனவரி 22-இல் தாண்ட் பிறந்தார். நான்கு ஆண் மக்களில் மூத்தவர். தந்தை படிப்பில் நாட்டம் உடையவர். வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன. தாண்டுக்குப் பதினான்கு வயதானபோது தந்தை மறைந்தார். சொத்துத் தகராறில் குடும்பம் நொடிந்தது. தம்பியரைக் கரைசேர்க்கும் பொறுப்பு மூத்தவர் தலையில் விழுந்தது. ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை படிக்க வேண்டியவர், இரண்டாண்டுப் படிப்போடு நிறுத்திக்கொண்டு, 1928-இல் சொந்த ஊர்ப் பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார். சில ஆண்டுகளில் அதன் தலைமையாசிரியரும் ஆனார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் அண்ணன் பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போனதால்தான் நான் இன்று ஆய்வுக்கூடத்தில் நிற்கிறேன். ஆகவே, பட்டம் பெறாத இந்த மூத்த பிள்ளையின் வாழ்க்கையை வெறும் பொது அறிவுச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை.

பள்ளியில் கிடைத்த நண்பர் ஊ நூ, 1948-இல் விடுதலை பெற்ற பர்மாவின் பிரதமரானார். அவருடைய செயலாளராகப் பணியாற்றிய தாண்ட், 1957-இல் ஐ.நா.வில் பர்மாவின் பிரதிநிதியானார். 1961 செப்டம்பரில் பொதுச் செயலாளர் ஹாமர்ஷால்டு ஆப்பிரிக்காவில் விமான விபத்தில் இறந்தார். வல்லரசுகள் இரண்டும் ஏற்கக்கூடிய மனிதராகத் தாண்ட் ஒருவரே தென்பட்டார். நவம்பர் 3-இல் தற்காலிகப் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்றார்.

1962 அவருக்குச் சோதனை ஆண்டு. மார்ச்சில் ஊ நூவின் ஆட்சியைத் தளபதி நீ வின் கவிழ்த்தார். மே மாதம் ரங்கூனில் பேருந்திலிருந்து விழுந்து தாண்டின் மகன் மாண்டார். இறுதிச் சடங்குக்கும் செல்லாமல் அவர் பணியிலேயே இருந்தார். ஐந்து மாதத்தில் அக்டோபர் வந்தது.

பதின்மூன்று நாட்கள்

கியூபாவில் சோவியத் நாடு அணு ஏவுகணைகளை நிறுவுவதை அமெரிக்க உளவு விமானம் படம் பிடித்தது. அவற்றுள் ஒரு வகை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் பாயக்கூடியது. வாஷிங்டன் அந்த எல்லைக்குள் அடங்கியது. அக்டோபர் 22-இல் அதிபர் கென்னடி கடல் முற்றுகையை அறிவித்தார். சோவியத் கப்பல்கள் கியூபாவை நோக்கி வந்துகொண்டிருந்தன. கப்பலை மறித்தால் சண்டை. சண்டை மூண்டால் அணுப்போர்.

அக்டோபர் 24-இல் தாண்ட் இருவருக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் விடுத்தார். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஆயுதம் அனுப்புவதை ஒருவர் நிறுத்தட்டும், முற்றுகையை மற்றவர் நிறுத்தட்டும் என்பது அதன் சாரம். குருஷ்சேவ் ஏற்றார், கென்னடி உடனே ஒப்பவில்லை. மறுநாள் இரண்டாம் கடிதம்: கப்பல்கள் முற்றுகைப் பகுதியை அணுகாதிருக்கட்டும், அமெரிக்கக் கப்பல்கள் மோதலைத் தவிர்க்கட்டும். இதனை இருவரும் ஏற்றனர். இத்தகைய வேண்டுகோளை அனுப்பும்படி அமெரிக்காவே மறைவாகக் கேட்டுக்கொண்டது என்பது பின்னாளில் வெளியான ஆவணங்களால் தெரிகிறது.

இதில்தான் அவர் பணியின் நுட்பம் இருக்கிறது. எதிரிக்குப் பணிந்தோம் என்ற பெயரை இரு தலைவர்களும் விரும்பவில்லை. ஐ.நா. கேட்டதற்காகச் சற்றுப் பொறுத்தோம் என்று சொல்லிக்கொள்வதில் யாருக்கும் இழுக்கில்லை. அந்த வழியைத் தாண்ட் திறந்துவைத்தார். அவகாசம் கிடைத்தது; அந்த அவகாசத்தில் பேச்சு நடந்தது.

27-ஆம் நாள் அமெரிக்க உளவு விமானம் ஒன்று கியூபாவின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி இறந்தார். அன்றைக்கும் பேச்சு அறுந்துபோகவில்லை. 28-இல் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாகக் குருஷ்சேவ் அறிவித்தார். கியூபாமீது படையெடுப்பதில்லை என்றது அமெரிக்கா. துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளையும் அகற்ற இரகசியமாக இசைந்தது. தாண்ட் உடனே ஹவானா சென்று காஸ்ட்ரோவைச் சந்தித்தார். ஆய்வுக் குழுவை அனுமதிக்கக் காஸ்ட்ரோ மறுத்துவிட்டார். ஆனால் இறந்த விமானியின் உடலைத் திருப்பித்தர இசைந்தார்.

இறுதி முடிவை எடுத்தவர்கள் கென்னடியும் குருஷ்சேவும்தான். எனினும் 1963 ஜனவரி 7-இல் இரு வல்லரசுகளும் சேர்ந்தே தாண்டுக்கு நன்றிக் கடிதம் அனுப்பின. அதே ஆண்டு இரு தலைநகரங்களுக்கும் நேரடிச் செய்தித் தொடர்பு அமைக்க உடன்பாடு கண்டது; அணுகுண்டுச் சோதனைகளுக்கு ஓரளவு தடைவிதிக்கும் ஒப்பந்தமும் மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று.

மாணவர் தோளில்

1971 இறுதியில் ஓய்வு பெற்ற தாண்ட், 1974 நவம்பர் 25-இல் நியூயார்க்கில் புற்றுநோயால் மறைந்தார். உடல் ரங்கூன் வந்தது. ஊ நூவின் நண்பர் என்ற பகையால் நீ வின் அரசு மரியாதை செய்ய மறுத்தது. டிசம்பர் 5-இல் மாணவர்கள் பெட்டியைத் தங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றனர். 1962-இல் இராணுவம் வெடிவைத்துத் தகர்த்த மாணவர் சங்கக் கட்டடம் இருந்த இடத்திலேயே அடக்கம் செய்தனர். 11-ஆம் நாள் இராணுவம் உள்ளே புகுந்தது; மாணவர்கள் உயிரிழந்தனர். உடல் தோண்டி எடுக்கப்பட்டு, ஷ்வேடகோன் பகோடாவின் அருகில் மீண்டும் புதைக்கப்பட்டது. எந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் படிப்பை முடிக்க முடியாமல் போனதோ, அதன் மாணவர்களே அவருக்காக உயிர் கொடுத்தார்கள்.

நண்பர்களே, இன்று அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் ஒன்பது. நம் நாடும் அதில் ஒன்று. ஏவுகணை மிரட்டல்கள் ஓயவில்லை. ஏவுகணையின் வேகத்தையும் பாதையையும் கணக்கிட நாம் வகுப்பில் கற்கிறோம். அது புறப்படுவதற்கு முன் கிடைக்கும் சில நாள் அவகாசத்தின் மதிப்பையும் நாம் கற்க வேண்டும். அதற்கு ஊ தாண்டின் வாழ்க்கை நல்லதொரு பாடம்.