கன்வெர்ட்டரை வெட்டுறதுக்கு முன்னாடி… யூஜின் ஹூட்ரியின் கதை

ஆஃப்-ரோடு வண்டிக்கு சொந்தமா ஒரு எக்ஸாஸ்ட் டிசைன் பண்ணலாம்னு நம்ம மெக்கானிக்கல் பசங்க உட்கார்ந்தா, பேப்பர்ல முதல்ல என்ன விழும் தெரியுமா? கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேல ஒரு பெரிய பெருக்கல் குறி. அதைத் தூக்கிட்டா புகை ஃப்ரீயா போகும், பவர் ஏறும், சத்தமும் கெத்தா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. புதுப்பேட்டை பக்கம் போனா வெட்டி, நேர் பைப் வெச்சு வெல்டிங் அடிக்கிறது பெரிய வேலையும் இல்லை.

ஆனா அந்த டப்பாவை யார் யோசிச்சாங்க, எதுக்கு யோசிச்சாங்கன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. அவரும் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர்தான். அதிலும் கார் ரேஸ் பைத்தியம்.

யூஜின் ஹூட்ரி 1892 ஏப்ரல் 18 அன்று பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள தொமோன் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு இரும்புத் தொழில். பையன் பாரிஸில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, 1911இல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். அப்பாவோட கம்பெனி தயாரா இருந்தது, பிளேஸ்மென்ட் கவலையே இல்லை. ஆனால் 1914இல் முதல் உலகப் போர் வந்துவிட்டது.

போரில் அவர் டாங்கிப் படையில் இருந்தார். 1917இல் ஜுவின்கூர் என்ற இடத்தில் பிரான்சின் டாங்கிகள் முதல் தடவை பெரிய அளவில் களம் இறங்கின. சேறும் பள்ளமுமா கிடந்த நிலத்தில் வண்டிகள் நின்று போயின. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே அவற்றை ரிப்பேர் செய்ய ஏற்பாடு செய்தார் ஹூட்ரி. அங்கேயே பலத்த காயமும் பட்டார். அந்தத் துணிச்சலுக்காக அவருக்குப் பதக்கம் கிடைத்தது. ஆஃப்-ரோடு அனுபவம்னா இதைவிட என்ன வேணும்?

போர் முடிந்து வந்தவருக்கு இரும்பில் மனசு ஒட்டவில்லை. கார் ரேஸ், இன்ஜின் என்றே சுற்றினார். 1922இல் அமெரிக்கா போய் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தையும், ஃபோர்டு தொழிற்சாலையையும் பார்த்தார். இன்ஜின் எவ்வளவு நல்லா இருந்தாலும், ஊத்துற பெட்ரோல் மட்டமா இருந்தா நாக்கிங் வந்து எல்லாம் வீண் என்பது அவருக்குப் புரிந்தது. கார்கள் பெருகிக்கொண்டே போக, பெட்ரோல் போதாது என்ற பயமும் அப்போது இருந்தது.

பிரான்சில் பெட்ரோலியம் அதிகம் கிடையாது. பழுப்பு நிலக்கரி உண்டு. நம்ம நெய்வேலியில் தோண்டுகிற அதே லிக்னைட். அதிலிருந்து பெட்ரோல் எடுக்க ஹூட்ரி பல வருஷம் முயன்றார். அரசாங்கமும் உதவியது. 1929இல் ஒரு சோதனை ஆலையே ஓடியது. ஆனால் செலவுக்குக் கட்டுப்படி ஆகவில்லை, மூடிவிட்டார்கள். சொந்தப் பணமும் நிறையப் போனது.

அவர் அதோடு நிற்கவில்லை. அதே வினையூக்கி முறையைக் கனமான கச்சா எண்ணெயில் முயன்று பார்த்தார். வினையூக்கி என்றால் பத்தாவது கெமிஸ்ட்ரியில் படித்ததுதான்: வினையை வேகப்படுத்தும், தான் செலவாகாது. எண்ணெயின் பெரிய மூலக்கூறுகளைச் சூடான களிமண் போன்ற ஒரு வினையூக்கி மேல் விட்டால், அவை உடைந்து நல்ல பெட்ரோல் ஆகின்றன. சிக்கல் என்னன்னா, சில நிமிஷத்திலேயே கரி படிந்து வினையூக்கி செத்துப் போகும். மற்றவர்கள் விட்ட இடம் அதுதான். ஹூட்ரி அந்தக் கரியைக் காற்று விட்டு எரித்தார். வினையூக்கி மறுபடி புதுசாகிவிட்டது. ஒரு கலனில் கரி எரியும்போது அடுத்த கலனில் பெட்ரோல் தயாராகும்படி மாற்றி மாற்றி ஓட்டினார். எரிந்த சூட்டையும் வீணாக்காமல் ஆலைக்கே பயன்படுத்தினார்.

1930இல் வாக்குவம் ஆயில் கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அழைத்தது. பிறகு சன் ஆயில் கம்பெனியும் சேர்ந்தது. 1936இல் பால்ஸ்போரோவில் முதல் ஆலை, 1937இல் மார்கஸ் ஹூக்கில் அதைவிடப் பெரிய ஆலை. பழைய முறையில் எண்ணெயில் கால் பங்குதான் நல்ல பெட்ரோல் ஆகும். இதில் பாதி ஆனது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானங்களுக்குத் தேவைப்பட்ட 100 ஆக்டேன் பெட்ரோல் தயாரிக்க இந்த முறை பெரிதும் கைகொடுத்தது. இன்னைக்கு நம்ம மணலி ரிஃபைனரியில் இருக்கிற கேட்டலிட்டிக் கிராக்கிங் யூனிட்டுக்கும் இதுதான் தாத்தா.

அந்தப் போர்க்காலத்தில், ஜெர்மனிக்கு இணங்கிப் போன பிரான்சின் விஷி அரசை அவர் அமெரிக்காவில் இருந்தபடியே எதிர்த்தார். அந்த அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 1942இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால், பெட்ரோலைப் பெருக்கிய மனிதர் என்று மட்டும் சொல்லியிருப்போம். 1950 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் புகைமூட்டம் போர்த்தியிருந்தது. கார்ப் புகைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு வெளியே வர ஆரம்பித்தது. நுரையீரல் புற்றுநோயும் கூடிக்கொண்டிருந்தது. ஹூட்ரிக்கு அப்போது கிட்டத்தட்ட 60 வயது. இன்ஜினுக்குள்ளே போறதைப் பார்த்தவர், வெளியே வர்றதைப் பார்க்க ஆரம்பித்தார். ஆக்ஸி-கேட்டலிஸ்ட் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். வினையூக்கியில் படிந்த கரியை எரித்த அதே மனிதர், இப்போது வினையூக்கியை வைத்துப் புகையை எரிக்கப் பார்த்தார். சரியா எரியாமல் வரும் ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் பிளாட்டினம் பூசிய பரப்பில் பட்டு, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆகிவிடும். 1956இல் பேட்டன்ட் கிடைத்தது. குடோன்களுக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்களுக்கு இந்தக் கருவி போனது.

காருக்கு மட்டும் போகவில்லை. காரணம் ஈயம். நாக்கிங் வராமல் இருக்க 1920களிலிருந்தே பெட்ரோலில் ஈயக் கலவை சேர்த்து வந்தார்கள். அந்த ஈயம் பிளாட்டினம் மேல் படிந்து அதை மூடிவிடும். கரியை எரிக்கலாம், ஈயத்தை எரிக்க முடியாது. ஆக்டேனைக் கூட்ட ஹூட்ரி ஒரு வழி கண்டுபிடித்தார். அதே ஆக்டேனுக்காக உலகம் பிடித்துக்கொண்ட இன்னொரு வழி, அவருடைய கடைசிக் கருவியைக் காருக்குள் வரவிடாமல் தடுத்தது. 1962 ஜூலை 18இல் அவர் இறந்தபோது, சாலையில் ஓடிய கார்களில் கன்வெர்ட்டர் இல்லை. 1975 மாடல் கார்களில்தான் அமெரிக்காவில் அது பரவலாக வந்தது.

நம்ம ஊருக்கு வர இன்னும் 20 வருஷம் ஆனது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. நமக்கு 21 வயசு. அந்த ஈயப் புகையை மூச்சில் இழுக்காத தலைமுறை நாம. சிட்லபாக்கத்துக்காரங்களுக்கு இது இன்னும் கிட்ட. ஒரு பக்கம் ஜிஎஸ்டி ரோடு, இன்னொரு பக்கம் வேளச்சேரி ரோடு. நடுவில் நுரையீரல் நோய்க்கென்றே இருக்கிற சானடோரியம் ஆஸ்பத்திரி. ராத்திரி முழுக்க லாரி ஓடுற ரோட்டுக்கும் அந்த வார்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை.

சரி, நம்ம டிராயிங்குக்கு வருவோம். கன்வெர்ட்டரைத் தூக்கினா பவர் கொட்டும் என்பது ஆஃப்-ரோடுக்குச் சுத்தமா பொருந்தாது. பாறை மேல் ஏற வேண்டியது குறைந்த ஆர்பிஎம் டார்க். பைப் தேவைக்கு மேல் பெரிசா இருந்தால் புகையின் வேகம் குறைந்து, அந்த டார்க்கே அடிவாங்கும். அதனால் கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டே மற்றதைத் திட்டமிடலாம். சுமார் 250–300 டிகிரி சூடு வந்தால்தான் அது வேலை செய்யும், அதனால் இன்ஜினை விட்டுத் தள்ளி வைக்கக் கூடாது. சூடான கன்வெர்ட்டர் காய்ந்த புல்லைப் பற்ற வைக்கும், அதனால் ஹீட் ஷீல்டு வேணும். உள்ளே இருப்பது பீங்கான் தேன்கூடு. கல் இடிச்சாலும் உடையும், கொதிக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் விரியும். அதனால் சேஸிஸ் கோட்டுக்கு மேலே தூக்கி, கீழே ஸ்கிட் பிளேட் போடணும். ஆக்ஸிஜன் சென்சாரை அதன் இடத்திலேயே விடணும். டீசல் வண்டின்னா புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கும். அது பிடித்த கரியைத் தானே எரித்துச் சுத்தமாகும்போது, ஹூட்ரியின் பழைய ஆலை உங்க வண்டிக்கு அடியில் ஓடுதுன்னு வெச்சுக்கலாம்.

சட்டமும் இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லுது. ஆனா போலீஸ் பிடிப்பாங்களா மாட்டாங்களான்னு கணக்குப் போடுறது இன்ஜினியர் வேலை இல்லை. பேப்பரில் கன்வெர்ட்டரை முதல்ல வரைஞ்சிடுங்க. பைப் எங்க வளையணும், மஃப்ளர் எங்க உட்காரணும் எல்லாம் அதுக்கப்புறம்.