ஒரு நர்ஸ், நான்கு பள்ளிகள், ஒரே மாதம்!



காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் லீவு போடுவீர்கள். குணமானதும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவீர்கள். ஆனால், தலையில் புண் இருந்த ஒரே காரணத்தால் 12 வயது வரை படிக்கவே முடியாமல் போன சிறுவன் ஒருவன் இருந்தான். அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகப் பாடுபட்டவர்தான் லில்லியன் வால்ட் அம்மையார்.

1867-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள சின்சினாட்டி நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார் லில்லியன். நர்ஸ் பயிற்சி பெற்று 1891-ல் தேறினார். பிறகு டாக்டருக்கும் படிக்கத் தொடங்கினார்.

1893-ல் ஒருநாள், நியூயார்க்கின் ஏழைகள் வாழ்ந்த கிழக்குப் பகுதியில் பெண்களுக்கு வீட்டில் நோயாளிகளைக் கவனிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சிறுமி வந்து, நோயுற்ற தன் தாயைப் பார்க்க வரும்படி அழைத்தாள். சந்து பொந்துகளைக் கடந்து அந்த வீட்டுக்குப் போனவர், அங்கு கண்ட காட்சியைக் கண்டு கலங்கிப்போனார். மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு, மேரி புரூஸ்டர் என்ற தோழியுடன் அந்த ஏழை மக்கள் நடுவிலேயே ஐந்தாவது மாடியில் குடியேறினார். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்தார். 1895-ல் ஹென்றி தெருவில் ஒரு வீடு கிடைத்தது. அதுவே பெரிய சேவை நிலையமாக வளர்ந்தது.

அந்தப் பகுதியில்தான் நான் முதலில் சொன்ன சிறுவனைச் சந்தித்தார். அவன் தாய், கசாப்புக் கடைக்காரர்களின் துணிகளைத் துவைத்துப் பிழைத்து வந்தார். பள்ளிக்குப் போகும்போதெல்லாம் தலைப்புண்ணைப் பார்த்து அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் தெருப் பெயரைக்கூடப் படிக்கத் தெரியவில்லையே என்று அவன் வெட்கப்பட்டான். மருத்துவமனையில் கொடுத்த களிம்பு அவனிடம் இருந்தது. அதை ஒழுங்காகத் தடவிவிடத்தான் ஆள் இல்லை! லில்லியன் அதைச் செய்தார். புண் ஆறியது. பள்ளியில் சேர்ந்த மறுநாளே, படித்த வார்த்தைகளை எழுத்துக்கூட்டிச் சொல்லிக் காட்ட ஐந்து மாடிப் படிகளையும் தாவி ஏறி அவரிடம் வந்தானாம் அந்தச் சிறுவன்.

ஒரு சிறுவன் சரி, மற்றவர்கள்?

அந்நாளில் பள்ளிகளுக்கு டாக்டர்கள் வந்து பிள்ளைகளைப் பரிசோதிப்பார்கள். கண்நோய், படர்தாமரை, சொறி, சிரங்கு, பேன் என்று எது இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோய் பரவக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டில் மருந்து போட யார் இருக்கிறார்கள்? அப்பாவும் அம்மாவும் பிழைப்புக்கு அலைகிறார்கள். பலருக்கு ஆங்கிலமே தெரியாது. வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை, மாலையில் அதே வகுப்புத் தோழர்களோடு தெருவில் விளையாடும். நோயும் பரவியது, படிப்பும் போயிற்று!

இதற்கு லில்லியன் ஒரு வழி சொன்னார். நோயைக் கண்டுபிடிக்க ஆள் இருப்பதுபோல, அதைக் குணமாக்கவும் பள்ளியில் ஆள் வேண்டும். தன் நிலையத்து நர்ஸ் ஒருவரை ஒரு மாதம் இலவசமாகத் தருவதாக நகர அதிகாரிகளிடம் கூறினார். சோதனை வெற்றி பெற்றால், நர்சுகளுக்குப் பொதுப் பணத்தில் சம்பளம் கிடைக்க அவர்கள் உதவ வேண்டும் என்று உறுதியும் வாங்கிக்கொண்டார்.

1902 அக்டோபரில் லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸ் வேலையைத் தொடங்கினார். நான்கு பள்ளிகளுக்கும் அவர் ஒருவரே! சின்னச் சின்ன நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டு, பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார். வராத பிள்ளைகளின் வீடுகளுக்கும் சென்று, மருந்து போடும் முறையைத் தாய்மார்களுக்குச் செய்து காட்டினார்.

ஒரு மாதத்தில் பலன் தெரிந்தது. நகர நிர்வாகம் மேலும் 12 நர்சுகளை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோய்க்காக வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அந்த எண்ணிக்கை 1,101 ஆகக் குறைந்தது! பள்ளி நர்ஸ் என்ற பணி மற்ற நகரங்களுக்கும் பரவியது.

லில்லியன் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்தும் போராடினார். குழந்தைகள் நலனுக்கென்றே அரசில் தனித் துறை வேண்டும் என்று அவரும் நண்பர்களும் பல ஆண்டுகள் வற்புறுத்தினர். 1912-ல் அமெரிக்க அரசு அதை ஏற்படுத்தியது. 1940-ம் ஆண்டு, 73-வது வயதில் லில்லியன் காலமானார். அவர் தொடங்கிய ஹென்றி தெரு நிலையம் இன்றும் மக்களுக்குச் சேவை செய்து வருகிறது.

குழந்தைகளே! வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளைக்கு 'வரவில்லை' என்று குறித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஏன் வரவில்லை என்று தேடிப்போய்க் கேட்க ஒருவர் வேண்டும். உங்கள் வகுப்பில் யாராவது தொடர்ந்து நாலு நாள் வரவில்லையென்றால் என்ன செய்வீர்கள்? ஆசிரியரிடம் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவாக இருந்தால், பெரியவர்களோடு போய் விசாரித்து வாருங்கள். அந்தப் பிள்ளை மீண்டும் பள்ளிக்கு வர அதுவே காரணமாக அமையலாம்.