லார்ட்ஸ் முதல் சேப்பாக்கம் வரை... ரன் அவுட்டுக்குப் பெயர் தந்த வினூ மன்கட்டின் கிரிக்கெட் வாழ்க்கை

பந்துவீசும் முன்னரே கோட்டைத் தாண்டி நகரும் எதிர்முனை பேட்டரை பந்துவீச்சாளர் ரன் அவுட் செய்யும்போதெல்லாம், 'மன்கட்' என்ற சொல் சமூக வலைதளங்களில் வலம் வரும். 2019ஆம் ஆண்டு ஐபிஎல் தொடரில் ஜோஸ் பட்லரை தமிழக வீரர் ரவிச்சந்திரன் அஸ்வின் அவ்வாறு வெளியேற்றியபோதும் இதுவே நிகழ்ந்தது. ஆனால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றிக்குக் காரணமாக இருந்தவர் என்பது இன்றைய ரசிகர்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

குஜராத்தின் ஜாம்நகரில் 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி பிறந்தவர் முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். வினூ என்பது பள்ளிப் பருவத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர். வலது கையால் பேட்டிங், இடது கையால் சுழற்பந்துவீச்சு என இரண்டிலும் தேர்ந்த அவர், 1937-38இல் இந்தியா வந்த டென்னிசன் பிரபு தலைமையிலான அணிக்கு எதிராக ஆடிய ஆட்டங்களிலேயே கவனம் ஈர்த்தார். எனினும், இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. 1946 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்டில் களமிறங்கியபோது அவருக்கு வயது 29. அந்த இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் மட்டும் 1,000 ரன்களுக்கு மேல் குவித்து, 100 விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார்.

அடுத்து, சுதந்திர இந்தியாவின் முதல் ஆஸ்திரேலியப் பயணம். 1947 நவம்பரில் சிட்னியில் நடைபெற்ற பயிற்சி ஆட்டம் ஒன்றில், எதிர்முனையில் இருந்த பில் பிரவுன் பந்துவீசும் முன்பே நகர்வதைக் கண்ட மன்கட் முதலில் எச்சரித்தார். அவர் மீண்டும் நகரவே ரன் அவுட் செய்தார். டிசம்பர் 13ஆம் தேதி, அதே சிட்னியில் நடந்த டெஸ்ட் போட்டியில் அதே பிரவுன் அதே முறையில் மீண்டும் ஆட்டமிழந்தார். ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் விவாதம் எழுந்தது. ஆனால் எதிரணி கேப்டன் டான் பிராட்மேன், மன்கட் செய்ததில் தவறேதும் இல்லை எனத் தமது சுயசரிதையில் பதிவு செய்தார். விதியை மீறியவரை விட்டுவிட்டு, விதிப்படி நடந்தவரின் பெயரைச் சர்ச்சைக்குச் சூட்டியது விந்தையே. அதே பயணத்தில் மெல்போர்னில் மன்கட் இரண்டு சதங்கள் அடித்ததை நினைவுகூர்வோர் மிகக் குறைவு.

1952 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் தொடங்கியது. 1932இல் டெஸ்ட் அரங்கில் நுழைந்த இந்தியா, அதுவரை 24 போட்டிகளில் ஆடியும் ஒன்றில்கூட வென்றதில்லை. முதல் நாளிலேயே மன்கட்டின் சுழலில் இங்கிலாந்து தடுமாறியது. அன்றைய தினம் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமான செய்தி வந்ததால் மறுநாள் ஆட்டம் நடைபெறவில்லை. முதல் இன்னிங்ஸில் மன்கட் 55 ரன்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளைச் சாய்க்க, இங்கிலாந்து 266 ரன்களில் சுருண்டது. விக்கெட் கீப்பர் கோகன் சென் இந்தப் போட்டியில் 5 ஸ்டம்பிங் செய்தார். பங்கஜ் ராய், பாலி உம்ரிகர் ஆகியோரின் சதங்களால் இந்தியா 457 ரன்கள் குவித்து டிக்ளேர் செய்தது. இரண்டாவது இன்னிங்ஸிலும் மன்கட் 4 விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்கள் வித்தியாசத்தில் முதல் வெற்றியைப் பெற்றது.

இவ்வளவுக்குப் பிறகும், அதே ஆண்டின் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் அவருக்கு இடம் உறுதி என்று கிரிக்கெட் வாரியம் வாக்களிக்கவில்லை. தொழில்முறை வீரரான மன்கட்டுக்கு ஆட்டமே வருமானம். எனவே, லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் கிளப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவர் இல்லாமல் லீட்ஸில் ஆடிய இந்தியா, இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்காமல் 4 விக்கெட்டுகளை இழந்து தோல்வியைத் தழுவியது. அதன் பின்னரே வாரியம் அந்தக் கிளப்பிடம் பேசி அவரை விடுவித்துப் பெற்றது.

லார்ட்ஸில் நடந்த இரண்டாவது டெஸ்டில் மன்கட் செய்தது இன்றும் வியப்பளிக்கிறது. முதலில் தொடக்க வீரராக 72 ரன்கள். பின்னர் 73 ஓவர்கள் வீசி 5 விக்கெட்டுகள். சிறிது ஓய்வுக்குக்கூட வாய்ப்பின்றி மீண்டும் தொடக்க வீரராகக் களமிறங்கி 184 ரன்கள். இறுதியாக மேலும் 24 ஓவர்கள். அப்போட்டியில் இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆயினும், சதத்துக்கும் 5 விக்கெட்டுகளுக்கும் என லார்ட்ஸின் இரு கௌரவப் பலகைகளிலும் மன்கட்டின் பெயர் இடம்பெற்றது.

அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தான் தனது முதல் டெஸ்டை டெல்லியில் ஆடியபோது, மன்கட் 13 விக்கெட்டுகள் எடுத்தார். அந்தத் தொடரிலேயே, தமது 23ஆவது டெஸ்டில் 1,000 ரன்கள், 100 விக்கெட்டுகள் என்ற இரட்டை இலக்கை எட்டினார். அவ்வளவு விரைவாக அதை எட்டிய சாதனை, 1979இல் இயன் போத்தம் முறியடிக்கும் வரை நீடித்தது.

சென்னை மீண்டும் ஒருமுறை அவருக்குக் கைகொடுத்தது. 1956 ஜனவரியில் மாநகராட்சி மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மன்கட் 231 ரன்களும், பங்கஜ் ராய் 173 ரன்களும் எடுத்தனர். இருவரும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த 413 ரன்களைத் தாண்ட உலக கிரிக்கெட்டுக்கு 52 ஆண்டுகள் தேவைப்பட்டன. 231 ரன்கள் என்ற இந்தியச் சாதனையை 1983 டிசம்பரில் சுனில் கவாஸ்கர் கடந்ததும் சென்னையில்தான்.

1959இல் ஓய்வு பெற்றபோது 44 டெஸ்டுகளில் 2,109 ரன்கள், 162 விக்கெட்டுகள் அவரது கணக்கில் இருந்தன. முதல் இடம் தொடங்கி 11ஆவது இடம் வரை எல்லா இடங்களிலும் பேட்டிங் செய்தவர் என்ற அரிய பெருமையும் உண்டு. மகன் அசோக் மன்கட்டும் இந்தியாவுக்காக 22 டெஸ்டுகளில் ஆடினார். 1973இல் பத்ம பூஷண் விருது பெற்ற வினூ மன்கட், 1978 ஆகஸ்ட் 21ஆம் தேதி மும்பையில் காலமானார். 2021இல் ஐசிசி அவரை ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் சேர்த்தது.

ஒரு வீரரின் பெயரை இழிவாகப் பயன்படுத்தக் கூடாது என கவாஸ்கர் நீண்ட காலமாக வலியுறுத்தி வந்தார். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி, 2022 அக்டோபர் 1ஆம் தேதி முதல் இவ்வகை ஆட்டமிழப்பை நியாயமற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து நீக்கி, ரன் அவுட் பிரிவுக்கு மாற்றியது. சிட்னியில் பிரவுன் ஆட்டமிழந்து அப்போது ஏறத்தாழ 75 ஆண்டுகள் ஆகியிருந்தன.